தங்கையின் நோயும் தமக்கையின் தவமும்

காசிமாநகருக்குக் கல்வி தேடி வந்த தமிழ் மாணவர்களாகிய நமக்குப் பெரியோர் வரலாறு புதிதன்று. புலவர் ஒருவரைப் பற்றியோ விடுதலை வீரர் ஒருவரைப் பற்றியோ நம் சங்க மலரில் ஒரு கட்டுரையேனும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கை. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றி நாம் அனைவரும் படித்திருக்கிறோம். முதல் பெண் மாணவி, முதல் பெண் உறுப்பினர் என்று நீளும் அந்தப் பட்டியல் தேர்வுத் தாளுக்குப் போதுமானது. நான் சொல்ல விரும்புவது அந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஒரு செய்தி. தன் தங்கையின் நோய்ப்படுக்கை அருகே நின்று செய்வதறியாது கலங்கிய ஒரு தமக்கை, அந்தத் துயரத்தை வீட்டோடு முடித்துக்கொள்ளாமல் ஊரார் நடுவே கொண்டுவந்து வைத்து, 31 ஆண்டுகள் கழித்து அதை ஒரு மருத்துவமனையாக எழுப்பிய வரலாறு அது.

இந்த வரலாற்றை இங்கே, இந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வளாகத்திலேயே 2019ஆம் ஆண்டு முதல் மகாமனா மாளவியா அவர்களின் பெயரால் ஒரு புற்றுநோய் மையம் நடந்து வருகிறது. விடுதியிலிருந்து அந்தப் பக்கம் சைக்கிளில் போகும் போதெல்லாம் நான் காண்பது நோயாளிகளை மட்டுமல்ல. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அவர்களை அழைத்து வந்தவர்களையும் காண்கிறேன். ஒரு கையில் காகிதக் கட்டு, மறு கையில் தண்ணீர்ப் பாட்டில், தோளில் ஒரு போர்வை. மகனாக இருப்பார், மனைவியாக இருப்பார், மருமகளாக இருப்பார். மருத்துவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. இயந்திரங்களைப் பற்றியும் எழுதுகின்றன. இந்தக் கூட வந்தவர்களைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. அவர்களைப் பார்க்கும்போது எனக்கு முத்துலட்சுமி அம்மையாரின் நினைவு வருகிறது. அவரும் ஒரு நாள் கூட நின்றவர்தாமே!

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தேவதாசி மரபில் வந்தவர். ஒரு பெண் பத்து வயதைக் கடந்தால் வீட்டை விட்டு வெளியே வருவதே அதிசயமாக இருந்த காலம் அது. மேற்படிப்புக்கு அவர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். அக்கல்லூரியின் முதல் மாணவி அவரே. வகுப்பில் அவருக்கென்று தனித் திரை கட்டி உட்கார வைத்தார்கள் என்பர். அந்தத் திரைக்குப் பின்னிருந்து பாடம் கேட்ட பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் சிறப்புடன் தேறி வெளிவந்தார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகவும் பணியாற்றினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பப்படி பணியாற்றத் தடை கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே அவர் மணத்துக்கு இசைந்தார். இரண்டு ஆண் மக்கள் பிறந்தார்கள். நல்ல தொழில், நல்ல கணவர், நல்ல பெயர். இவ்வளவோடு ஒருவர் நிறைவு கொண்டிருந்தால் யார் குறை சொல்ல முடியும்?

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. அவருடைய தங்கைக்கு உடல் நலம் கெட்டது. முதலில் சீதபேதி என்றே கருதிச் சிகிச்சை செய்தார்கள். மலத்தில் இரத்தமும் சீதமும் போவது அந்த நோய்க்கும் உண்டு, மலக்குடலில் தோன்றும் புற்றுநோய்க்கும் உண்டு. உள்ளே சோதித்துப் பார்த்தாலன்றி இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. இது புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923ஆம் ஆண்டு அந்த இளம் பெண் இறந்து போனாள்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்கை ஒரு மருத்துவர். தமக்கையின் கணவரும் மருத்துவர். சென்னைப் பட்டணத்தின் சிறந்த வைத்தியர்கள் அவர்களுக்கு அறிமுகமானவர்கள். படிப்புக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று என்றால், குறை எங்கே இருந்தது? நோயை முன்னதாகக் கண்டறியும் வழியில் இருந்தது. கண்டறிந்தபின் கொண்டுசேர்க்க ஓர் இடம் இல்லாமையில் இருந்தது. புற்றுநோய்க்கென்றே பயின்றவர்கள், அதற்கென்றே அமைந்த கருவிகள், அதற்கென்றே ஒரு மருத்துவமனை என்று எதுவும் அன்று தென்னாட்டில் கிடையாது. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், கிராமத்துக் கூலிக்காரன் வீட்டுப் பெண்ணின் கதி என்ன? தங்கையின் சாவு அம்மையாரின் உள்ளத்தில் எழுப்பிய கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு தனி அறிவு வாய்க்கிறது. என் பாட்டியார் நோயுற்றிருந்த ஓராண்டுக் காலம் என் தாயார்தாம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தார். எந்தக் கதவில் சீட்டு வாங்க வேண்டும், எந்த மருந்தை உண்டால் வாந்தி வரும், எந்தச் சோதனைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், இரவில் துணைக்கு இருப்பவர் எங்கே படுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைக் கேட்டிருந்தால் அந்த மருத்துவமனையைச் சீர்திருத்த ஒரு முழுத் திட்டமே சொல்லியிருப்பார். கேட்பார் இல்லை. பாட்டியாரின் பதினாறாம் நாளோடு அந்த அறிவும் மூட்டை கட்டப்பட்டது. மருந்துச் சீட்டுகளைப் பரண்மேல் போட்டோம். நாட்டில் எத்தனை வீடுகளின் பரண்களில் இப்படிப்பட்ட அறிவு தூசி படிந்து கிடக்கிறதோ! முத்துலட்சுமி அம்மையார் செய்த பெரிய காரியம், தம் வீட்டு அறிவைப் பரணில் போடாமல் வெளியே எடுத்து வந்ததே.

முதலில் அவர் தேடியது கல்வி. 1925இல் இங்கிலாந்து சென்று, இலண்டன் செல்சீயில் உள்ள பெண்கள் மருத்துவமனையில் ஏறத்தாழ ஓராண்டு உயர் பயிற்சி பெற்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்த மருத்துவமனையையும் கண்டார். அறுவைச் சிகிச்சை, ரேடியம், எக்ஸ்ரே என்று மூன்று வழிகளிலும் அங்கே நோயை எதிர்த்துப் போராடினார்கள். முன்னதாகக் கண்டால் பிழைப்பவர் பலர் என்பதை அவர் நேரில் உணர்ந்து திரும்பினார்.

திரும்பியதும் மாதர் சங்கத்தார் வற்புறுத்த, சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். தம் மருத்துவத் தொழிலுக்கு இடையூறு வருமோ என்று முதலில் தயங்கியவர்தாம். 1927இல் அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும், குழந்தைகளுக்கென்று மருத்துவ வசதி வேண்டும், பெண்ணின் மணவயது உயர வேண்டும் என்றெல்லாம் அங்கே வாதாடினார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம் யாவரும் அறிந்தது. அவர் முயற்சியால் 1929இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. மானிய நிலம் வைத்திருந்த தேவதாசியர் கோயில் ஊழியக் கட்டிலிருந்து விடுபட்டனர். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது.

இதிலும் நாம் காண்பது அதே வழிதான். தாயின் பிறப்பைப் பற்றி ஊர் பேசிய பேச்சை அவர் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். வீட்டுக்குள் பட்ட காயத்தைச் சட்டசபைக்குக் கொண்டு சென்றார். ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவதாசியரில் ஒரு பகுதியார் அவருடைய மசோதாவை எதிர்த்தனர். தங்கள் கலையும் சொத்தும் போய்விடும் என்று அரசுக்கு மனு எழுதினர். அந்த வாதம் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பிறருக்காகப் பேச முன்வருபவர், அந்தப் பிறரையும் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பது நாம் இதிலிருந்து கற்கத்தக்க பாடம். அம்மையாரின் பெருமையை இது குறைத்துவிடாது.

1930இல் காந்தியடிகள் கைதானபோது அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், புகலிடம் இன்றித் தம் வாயிலுக்கு வந்த பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இவ்வளவு பணிகளுக்கு நடுவே தங்கையின் நினைவு மங்கிவிட்டதோ என்று நமக்குத் தோன்றலாம். மங்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில், தம்மோடு படித்த மருத்துவர்கள் நடுவே, புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை காண வேண்டும் என்ற தம் ஆவலை அவர் வெளியிட்டார். தங்கை மறைந்து அப்போது 12 ஆண்டுகள்!

அந்த ஆவலுக்கு ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு ஏன் தனி மருத்துவமனை என்பது அன்று அதிகாரத்தில் இருந்தோர் பலரின் எண்ணம். காலராவும் அம்மையும் காசநோயும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன நாட்டில் அப்படி ஒரு எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அம்மையாருக்கு அது பொருந்தாத வாதம். சாகிறார்கள், ஆகையால் மருத்துவமனை வேண்டாம் என்றார்கள் அவர்கள். மருத்துவமனை இல்லை, ஆகையால் சாகிறார்கள் என்பது அவர் கட்சி. எந்தக் கட்சி சரியானது என்று மருத்துவமனையைக் கட்டிக் காட்டினால் அல்லவா தெரியும்?

இதே காலத்தில் மேற்கே பம்பாயிலும் ஒரு குடும்பத் துயரம் மருத்துவமனையாகிக் கொண்டிருந்தது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் 1931இல் அயல்நாட்டில் காலமானார். மனைவி பெற்ற சிகிச்சை போன்ற ஒன்று தம் நாட்டு மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கணவர் விரும்பினார். அடுத்த ஆண்டே அவரும் மறைந்தார். அவர் நிறுவிய அறக்கட்டளையின் முயற்சியால் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. நம் வளாகத்துப் புற்றுநோய் மையத்தை நடத்துவது அந்த டாட்டா நினைவு மையமே. அங்கே பெருஞ்செல்வம் துணை நின்றது. சென்னையிலோ அம்மையாருக்குத் துணை நின்றது மாதர் சங்கமும் ஊராரிடம் ஏந்திய கையும்தான்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் அந்த நிதிக்காக அலைந்தார். அமைச்சர்களைக் கண்டார், அதிகாரிகளைக் கண்டார், செல்வர்களின் வாயிலில் நின்றார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. படுக்கைகள் மொத்தம் 12. கட்டடமும் எளியது, கருவிகளும் குறைவு. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமக்கைக்கு வயது 68ஐ எட்டிக்கொண்டிருந்தது.

அம்மையார் கட்டடத்தோடு நிற்கவில்லை. தம் மகன் கிருஷ்ணமூர்த்தியையே இப்பணிக்குக் கொடுத்தார். அவர் வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்து நிலையத்தின் தூணாக நின்றார். 1955இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் அரசுப் பதவி கையில் இருக்க, அதை விட்டுவிட்டு இந்தச் சிறிய நிலையத்துக்கு அவர் வந்ததைப் பலர் அறியாமை என்று எண்ணினார்கள். அவர் 2021இல் மறையும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. 2005இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. கதிரியக்கக் கோபால்ட்டைக் கொண்டு உடலின் ஆழத்தில் உள்ள கட்டியைத் தாக்கும் முறையைக் கனடா நாட்டார் 1951இல் முதன்முதல் கையாண்டனர். அத்தகைய இயந்திரம் 1957இலேயே அடையாற்றில் நிறுவப்பட்டது; இந்தியாவில் அதுவே முதலாவது. பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும் வாய்க்காதது, நன்கொடையால் நடந்த ஒரு சிறு நிலையத்துக்கு வாய்த்தது. ஏழை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது தொடக்க முதலே அந்நிலையத்தின் கொள்கை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முத்துலட்சுமி அம்மையார் படித்தவர், பதவி வகித்தவர், பிரதமரையே அழைத்து வரும் செல்வாக்குடையவர். நம் வளாகத்து மரத்தடியில் போர்வை விரித்துப் படுத்திருக்கும் மருமகளுக்கு அவை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்வாக்கு உடையவர் தம் வீட்டார்க்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். வரிசையைத் தாண்டி உள்ளே போவார்கள். வேலை முடிந்ததும் வரிசையை மறந்துவிடுவார்கள். அம்மையார் வரிசையை மறக்கவில்லை. அவருடைய வழியில் செல்வாக்கு இல்லாதவர்க்கும் எட்டக்கூடிய படிகள் உண்டு. பட்ட துன்பத்துக்குக் காரணம் எதுவென்று ஆராய்ந்தார், விதியென்று விடவில்லை. அதைப் பற்றிக் கற்றார். தனியே நில்லாமல் ஒரு சங்கத்தோடு சேர்ந்து நின்றார். மறுப்பு வந்தபோது மீண்டும் கேட்டார். இந்த நான்கில் எதற்கும் பட்டம் தேவையில்லை. நம் காலத்தில் மனநலம் குன்றியோரின் பெற்றோரும், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் தாய்மாரும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துச் சட்டங்களுக்காகக் குரல் எழுப்புவது இந்த வழியே அன்றோ?

அம்மையாருக்கு 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. நிலையம் தொடங்கி 14 ஆண்டுகள் அதன் வளர்ச்சியைக் கண்ணாரக் கண்டபின், 1968 ஜூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பாக அவர் மறைந்தார். ஏழைத் தாய்மாரின் பேறுகாலத்துக்குத் தமிழ்நாட்டு அரசு அளிக்கும் உதவித் திட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. தங்கையின் பெயரால் கட்டடமோ சிலையோ எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆயினும் அடையாற்றில் நாள்தோறும் காலையில் திறக்கும் அந்த வாயில் அவளுக்காகத்தான் முதலில் எண்ணப்பட்டது.

நண்பர்களே, முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். காசி யாத்திரைக்கு வரும் தமிழர்களில் வழியில் நோயுற்று மருத்துவமனை தேடுவோர் உண்டு. இந்தி தெரியாமல் கூட வந்தவர்கள் படும் பாட்டை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். நமக்கு இரண்டு மொழியும் தெரியும். வாரத்துக்கு இருவர் முறை வைத்து அவர்களுக்குத் துணை நிற்கலாம். நிற்பதோடு, அவர்கள் எங்கே தடுமாறினார்கள், எந்த அறிவிப்பு எந்த மொழியில் இல்லை, இரவு தங்க எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, ஆண்டு முடிவில் உரிய அதிகாரிகளிடம் சங்கத்தின் பெயரால் கொடுக்கலாம். ஜூலை 30 அம்மையாரின் பிறந்த நாள். கல்வியாண்டு தொடங்கும் வேளையும் அதுவே. அன்று நம் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வார முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.